ஐந்தாவது கொக்கி

வண்டி சீட் தைக்கும் பட்டறைகள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவில் அவளை எல்லோரும் சீட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். லாரிக்காரர்கள், பள்ளிக்கூட வேன்காரர்கள், டாக்ஸி ஓட்டுகிறவர்கள் என்று யாராக இருந்தாலும் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். வேலை சுத்தம். வாய் அதைவிடச் சுத்தம், எதையும் மிச்சம் வைக்காது. ஒருமுறை ஒரு பஸ் முதலாளி, "கடைசி சீட்டுக்கு மட்டும் பழைய ஃபோமையே போட்டுடுங்க, அங்க உக்காரறவன் கேக்கவா போறான்" என்று சொல்லிவிட்டார். அவள் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாள். "முதல்ல நீங்க அந்த சீட்ல உக்காந்து ஒரு தடவை போயிட்டு வாங்க சார். வந்து நிமிர்ந்து நிக்க முடிஞ்சா பேசலாம்" என்றாள். அந்த பஸ்ஸின் கடைசி சீட்தான் இன்றைக்கும் ஊரிலேயே மெத்தென்று இருக்கும் கடைசி சீட்.

ஒரு கடைசி சீட்டுக்காக இவ்வளவு கோபமா என்று கேட்பவர்களுக்கு அந்த வேனைப் பற்றித் தெரியாது.

அது அவளுடைய அப்பா வாங்கிய வேன். அப்பா அச்சகத்தில் மெஷின் ஓட்டியவர். விடுமுறை கிடைத்தால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எங்கேயாவது போய்விட வேண்டும் என்பது அவருக்கு ஒரு பைத்தியம். வாங்கும்போதே அது பழைய வண்டி. ஆனால் ஒரு சின்ன வீட்டையே மடித்து உள்ளே வைத்திருந்தார்கள். பக்கக் கதவைத் தள்ளினால் கடகடவென்று பின்னால் ஓடும். உள்ளே ஏறியதும் இரண்டு பர்னர் அடுப்பு, அதை ஒட்டி ஒரு குட்டித் தொட்டி, கையால் அடித்தால் தண்ணீர் கொட்டும் குழாய். தண்ணீர் டாங்க் பின் சீட்டுக்கு அடியில் இருந்தது. மடக்கு மேசையை இறக்கி அந்த சீட்டோடு சேர்த்தால் இரண்டு பேர் படுக்கலாம். கூரையைத் தூக்கி நிறுத்தினால் கோடு போட்ட கேன்வாஸ் விரியும். அதற்குள் பலகைப் பரணில் இன்னும் இரண்டு பேர் படுக்கலாம். ஜன்னல்களுக்கெல்லாம் கம்பியில் கோர்த்த திரை. எஞ்சின் பின்பக்கம் என்பதால் அது போடுகிற இரைச்சலில் பின்னால் இருப்பவர்கள் கத்தினால்கூட முன்னால் கேட்காது. நாலே கியர். மேடு ஏறும்போது இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே போகும். பின்னால் வரும் லாரிக்காரன் ஹாரன் அடித்து அடித்து அவனாகவே அடங்கிப்போவான்.

கதவோரத்தில் ஒரு தகடு அடித்திருந்தார்கள். 'நால்வர் குடும்பத்துக்கு ஏற்றது' என்று அதில் இருந்தது. வீட்டில் இருந்ததோ ஐந்து பேர்.

அப்பாவும் அம்மாவும் கீழே. அண்ணனும் தங்கையும் பரணில். நடுப்பிள்ளையான அவளுக்கு முன் சீட்டுகள். டிரைவர் சீட்டில் தலை, அடுத்த சீட்டில் கால், நடுவில் இருந்த இடைவெளிக்கு ஒரு பலகை, பலகைமேல் மடித்த போர்வை. "குட்டியாத்தானே இருக்கா, சரியா இருக்கும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். சரியாகத்தான் இருந்தது, ஹேண்ட்பிரேக்கைத் தவிர. வண்டி நிற்க வேண்டுமென்றால் அதை இழுத்து நிமிர்த்தி வைக்க வேண்டும். அப்பா எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். பலம் கொண்ட மட்டும் இழுத்து வைப்பார். விடிகிற வரைக்கும் அது அவளுடைய விலாவில் குத்திக்கொண்டு நிற்கும். காலையில் பரணிலிருந்து இறங்கி வரும் அண்ணன் சோம்பல் முறித்துக்கொண்டே, "என்ன அஞ்சாவது கியரு, தூங்கினியா?" என்பான். இந்த வண்டியில் இல்லாதது, இந்த வண்டிக்குத் தேவைப்படாதது அஞ்சாவது கியர். அதனால் அந்தப் பெயர்.

அடுப்புக்கு மேலே நாலு கொக்கிகள் இருந்தன. வண்டியோடு வந்தவை. நாலு எனாமல் கோப்பைகள் அவற்றில் தொங்கும். வழியில் நிறுத்திக் காப்பி குடித்தால் அவரவர் கோப்பையை அவரவர் கழுவி மாட்டிவிட்டு ஏற வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். கிளம்பும் முன் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். நாலு கோப்பையும் தொங்கினால் எல்லோரும் ஏறியாயிற்று என்று அர்த்தம். அவருக்கு அது தலையை எண்ணுகிற வேலையை மிச்சப்படுத்தியது. அவள் பிளாஸ்க் மூடியில் குடிப்பாள். பிளாஸ்க் மூடிக்கு ஏது கொக்கி?

இப்படி ஒரு ஏற்பாட்டில் என்றைக்காவது ஒருநாள் அது நடக்கத்தான் செய்யும். நடந்தது.

வழியில் ஒரு பெட்ரோல் நிலையம் உண்டு. வண்டியின் பெட்ரோல் முள் எப்போதும் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றதால், அப்பா எதற்கு வம்பு என்று ஒவ்வொரு முறையும் அங்கே நிறுத்தி நிரப்பிக்கொள்வார். பின்பக்கத்தில் சிமெண்ட் மேடையோடு ஒரு தண்ணீர்க் குழாய். அன்று காப்பி முடிந்தது. அவள் பிளாஸ்க்கைக் கழுவக் குழாயடிக்குப் போனாள். நாலு கோப்பையும் கொக்கியில் ஏறின. தங்கை முன்னால் அம்மா மடியில் தூங்கிவிட்டிருந்தாள். "எல்லாரும் ஏறியாச்சா?" என்று அப்பா முன்னாலிருந்து கேட்டார். வண்டி நகரும் சத்தம் கேட்டு அவள் திரும்பிப் பார்த்தாள். பின் ஜன்னலில் அண்ணனின் முகம் தெரிந்தது. அவன் அவளைப் பார்த்தான். நேராக, கண்ணோடு கண்ணாகப் பார்த்தான். பிறகு ஜன்னல் திரையை இழுத்து மூடினான்.

காலையில் விட்டுப் போனவர்கள் வெயில் சாய்ந்துதான் வந்தார்கள். அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். "கேட்டதுக்கு, பின்னாடி படுத்திருக்கான்னு சொன்னேன். அப்படித்தான்மா நெனச்சேன்" என்று அண்ணன் மூக்கை உறிஞ்சினான்.

"பொய்! என்னைப் பாத்தான்மா. பாத்துட்டுத்தான் திரையை மூடினான்."

அழுதுகொண்டிருந்த அதே அம்மா அவள் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். "கூடப்பிறந்தவன் மேல இப்படியாடி பழி போடுவ?"

அப்பா இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றார். "அவனைச் சொல்லாதேம்மா. நான்தான் எண்ணல. நான் பெத்ததை நான்தான் எண்ணியிருக்கணும்."

அதோடு அண்ணன் தப்பித்தான். ஆனால் அப்பா மாட்டிக்கொண்டார். மறுநாளே கடைக்குப் போய் அதேபோல் ஒரு கோப்பை வாங்கி வந்தார். நாலு கொக்கிக்கும் பக்கத்தில் துளை போட்டு ஐந்தாவதாக ஒன்றைத் திருகினார். கோப்பையை மாட்டி, தூர நின்று பார்த்தார். பிறகு வேனை வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் விட்டுப் பூட்டினார். அதற்கப்புறம் அது எங்கும் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டுகளை எண்ணுவார். கடைத்தெருவுக்குப் போனால் பத்தடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்து எண்ணுவார். பிள்ளைகள் வளர்ந்து பிரிந்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

அவள் படிப்பை விட்டதும் சீட் தைக்கும் பட்டறையில் போய்ச் சேர்ந்தாள். ஏன் இந்த வேலை என்று கேட்டவர்களிடம், கை வந்தது என்று மட்டும் சொன்னாள். முதல் காரியமாக லைசென்ஸ் எடுத்தாள், கனரக வண்டிக்கும் சேர்த்து. ஸ்டீரிங்கைப் பிடித்திருப்பவளை யாரும் வழியில் விட்டுவிட்டுப் போக முடியாதல்லவா? கல்யாணம் ஒன்று நடந்தது, கொஞ்ச காலத்தில் கலைந்தது. அதைப் பற்றி அவளுக்கு வருத்தமும் இல்லை, பேச்சும் இல்லை. அவள் மனதில் வேறொன்றுக்குத்தான் இடம் இருந்தது.

அண்ணனோ அந்தச் சம்பவத்தை நகைச்சுவைக் கதையாக்கிவிட்டான். வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், ஆரம்பித்துவிடுவான். "அப்பா திரும்பிப் பாக்கறாரு. நாலு கப்பு தொங்குது. 'ரைட்டு, போலாம்'ங்கறாரு. அஞ்சாவது கியரு அங்க பிளாஸ்க்கோட நிக்குது!" எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அப்பாவும் சிரித்துவைப்பார். பிறகு எழுந்து வெளியே போய்விடுவார். அவள் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

கடைசியில் அப்பா ஆஸ்பத்திரியில் படுத்தார். நினைவு வந்து வந்து போனது. கண்ணைத் திறக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "அஞ்சும் இருக்கா?"

"அஞ்சும் இருக்குப்பா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அண்ணன் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே ஒரு வார்த்தை போதும். 'அப்பா, நீங்க மறக்கல, நான்தான் பொய் சொன்னேன்.' அவன் வாயைத் திறக்கவில்லை. அப்பா எண்ணிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். கதையைக் கேட்டுச் சிரித்தவர்களை அவள் எப்போதோ மன்னித்துவிட்டாள். விட்டுப் போனதைக்கூட மன்னித்திருப்பாள். அந்த ஜன்னலோர மௌனத்தை மட்டும் மன்னிப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு கட்டினாள். அவன் வாயாலேயே உண்மை வர வேண்டும். அதுவும் அம்மாவின் காதில் விழ வேண்டும். அது நடக்காமல் தன் கட்டை வேகாது என்று கறுவிக்கொண்டாள்.

சமயம் அதுவாகவே தேடிக்கொண்டு வந்தது.

ஒருநாள் காலை பட்டறை வாசலில் பழக்கமான முனகல் கேட்டது. ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். புதுப் பெயின்ட் அடித்த அந்த வேனிலிருந்து அண்ணன் இறங்கினான். மின்சாமான் கடையில் மேலாளராக இருப்பவன். எதைப் பார்த்தாலும் வாடிக்கையாளருக்கு விளக்குவதுபோல்தான் பேசுவான்.

"எஞ்சின் பிரிச்சு மாட்டியாச்சு. அடுப்பு, குழாய் எல்லாம் வேலை செய்யுது. கேன்வாஸ் புதுசு. போன் சார்ஜ் போட ஒரு பாயிண்ட் வச்சிருக்கேன். மத்தபடி எல்லாம் கம்பெனியிலேருந்து வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே. சீட்டும் திரையும்தான் பாக்கி. நம்ம வீட்டு வண்டி, நீ தைக்காம யாரு தைப்பா?"

அவள் உள்ளே ஏறிப் பார்த்தாள். அடுப்புக்கு மேலே நாலு கொக்கிகள் பளபளத்தன. ஐந்தாவது இருந்த இடத்தில் மக்குப் பசையால் துளையை அடைத்து, மேலே பெயின்ட் அடித்திருந்தது.

"இங்க ஒரு கொக்கி இருந்துச்சே?"

"அது அப்பா நடுவுல அடிச்சதுதானே. ஒரிஜினல்ல கிடையாது. எடுத்துட்டேன்."

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றியெரிந்தது. ஆனால் முகம் சிரித்தது. "கூலி எதுவும் வேணாம்ணா. தங்கச்சி வீட்டுக்கு அம்மாவைப் பாக்கப் போறப்ப வண்டியை நான்தான் ஓட்டுவேன். பழைய வழியிலதான் போகணும். சரியா?"

கூலி இல்லை என்றதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

பழிவாங்க அவளிடம் வழியா இல்லை? சீட்டுக்குள் அரிக்கிற நாரை வைக்கலாம். உட்கார்ந்ததும் பிரிகிற மாதிரி தையல் போடலாம். மனசு என்னென்னவோ சொன்னது, ஆனால் கை கேட்கவில்லை. கோணல் தையல் போட அந்தக் கைக்குத் தெரியாது. கருமம், தன் ஜென்மத்திலேயே அவ்வளவு அழகாக அவள் வேறெந்த சீட்டையும் தைத்ததில்லை.

திரைக்குத் துணி தேர்ந்தெடுக்க அண்ணி வந்தாள். பொறுமைசாலி, பேச்சு குறைவு. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கோப்பைக் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள். "எந்தத் துணிம்மா நல்லா மறைக்கும்?" என்று கேட்டாள்.

"பழைய துணியே நல்லா மறைச்சுது அண்ணி. எனக்குத்தான் தெரியும்" என்றாள் அவள். சொல்ல ஆரம்பித்தவள் முழுவதையும் சொல்லி முடித்தாள். அண்ணி துணியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். நம்பினாளா என்றும் தெரியவில்லை. நீலத்தில் ஒரு துணியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

கிளம்பினார்கள். அவள் ஓட்டினாள். அண்ணி பக்கத்தில். பின்னால் அண்ணனும், கல்லூரியில் படிக்கும் அவன் மகளும். மகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஏறியதுமே தூங்கிவிட்டாள். அதே பெட்ரோல் நிலையம் இன்னும் இருந்தது. பெயர்ப் பலகை மட்டும் மாறியிருந்தது. குழாயும் சிமெண்ட் மேடையும் அப்படியே இருந்தன. அடுப்பைப் பற்றவைத்துக் காப்பி போட்டார்கள். பெட்ரோல் போட்டவரிடம் அண்ணன் வேனைத் திறந்து காட்டினான். "நாலு பேர் தாராளமா படுக்கலாம்" என்றான். கோப்பைக் கதையையும் விட்டுவைக்கவில்லை. அந்த ஆளும் சிரித்தார். பிறகு அண்ணன் நாலு கோப்பையையும் தானே கழுவி மாட்டி, கைதட்டி, "பாத்தீங்களா, இதான் எங்கப்பாவோட கணக்கு!" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் கழிப்பறைக்குப் போனான். அவன் போன் சார்ஜ் பாயிண்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் எஞ்சினைக் கிளப்பினாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிவிடலாம், ஆள் கொஞ்சம் பதறட்டும் என்பதுதான் அவள் போட்டிருந்த திட்டம். அதற்கே அண்ணி விடமாட்டாள் என்றும் தெரியும். இருந்தாலும் அப்பா கேட்டதுபோலவே கேட்டாள்.

"எல்லாரும் ஏறியாச்சா?"

அண்ணி திரும்பி நாலு கோப்பைகளையும் பார்த்தாள். மூடாத பின் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு முன்னால் திரும்பி, நிதானமாகச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"ஏறியாச்சு. பின்னாடி படுத்திருக்காரு."

வண்டி நகர்ந்தது. கண்ணாடியில் அண்ணன் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவருவது தெரிந்தது. அண்ணி எழுந்து, சீட்டைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போய், நீலத் திரையை இழுத்து மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"துணி நல்லாத்தான் மறைக்குது" என்றாள்.

அதற்கப்புறம் கொஞ்ச தூரம் போய்த் திரும்புகிற பேச்சே எழவில்லை. மேட்டில் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறினார்கள். ஏரிக்கரையில் நிறுத்தினார்கள். பக்கக் கதவைத் திறந்துவைத்து, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு மறுபடியும் காப்பி குடித்தார்கள். இவ்வளவு ருசியான காப்பியை அவள் ஆயுசிலும் குடித்ததில்லை. விழித்துக்கொண்ட மகள் "அப்பா எங்கே?" என்று கேட்டாள். "சின்ன வயசுல அந்த இடத்துல ஒரு வேலையைப் பாதியில விட்டுட்டாராம். முடிச்சுட்டு வருவாரு" என்றாள் அண்ணி.

வெயில் ஏறிய பிறகுதான் திரும்பினார்கள். அண்ணன் குழாயடி மேடையில் உட்கார்ந்திருந்தான். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வேனைக் கண்டதும் பாய்ந்து வந்தான்.

"அறிவிருக்கா உங்களுக்கு? கையில போன் இல்ல, ஒண்ணும் இல்ல. விளையாட்டா இது?"

"விளையாட்டுதானே?" என்றாள் அவள், ஸ்டீரிங்கை விட்டு இறங்காமல். "எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்பாங்கண்ணா. நாலு கப்பு தொங்குச்சு, ரைட்டு போலாம்னுட்டோம்."

அவன் பக்கக் கதவை இழுத்தான். அது உள்ளே பூட்டியிருந்தது.

"அன்னைக்கு நான் வண்டியில இல்லன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"எந்தக் காலத்துக் கதையை..."

"நீதானே அதை இன்னும் சொல்லிட்டிருக்க. தெரியுமா, தெரியாதா?"

அண்ணன் தன் மனைவியைப் பார்த்தான். அண்ணி அவனை வெறும் முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டிருந்தாள். அவனுடைய முகத்தில் ஈயாடவில்லை.

"தெரியும்" என்றான்.

"எதுக்கு அப்படிச் செஞ்ச?"

"ஜன்னல் பக்கம். அன்னைக்கு நீ எனக்கு முன்னாடி ஏறி ஜன்னல் பக்கம் உக்காந்துட்ட. நீ இறங்கினதும் நான் நகர்ந்து உக்காந்தேன். நீ வந்தா மறுபடியும் கேப்பன்னு... அடுத்த ஊர்ல நிப்பாட்டச் சொல்லலாம்னுதான் இருந்தேன். அப்புறம் பயமாயிடுச்சு."

ஜன்னல் பக்கம். இத்தனை வருஷமும் அவள் என்னென்னவோ காரணங்களை யோசித்து வைத்திருந்தாள். தன்னைப் பிடிக்காமல் செய்திருப்பான், தான் தொலைந்துபோகட்டும் என்று நினைத்திருப்பான் என்றெல்லாம். கடைசியில் வெறும் ஜன்னல். அதற்காகத்தான் அப்பா தட்டுகளை எண்ணிக்கொண்டே செத்துப்போனார். அவளுக்குக் கோபம் குறையவில்லை, இரண்டு மடங்கானது.

"ஏறு" என்று கதவைத் திறந்துவிட்டாள். "அம்மாகிட்டயும் இதையே சொல்ற. ஒரு வார்த்தை குறையக் கூடாது."

அம்மா தங்கை வீட்டில் இருந்தாள். வாசலிலேயே அண்ணன் சொன்னான். தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் எல்லாவற்றையும் சொன்னான். பொய், திரை, ஜன்னல் பக்கம் எல்லாம். அம்மா அவனையே பார்த்தாள்.

"எங்கிட்ட ஏன்டா இப்ப சொல்ற? அந்த மனுஷன்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதாடா? தூக்கத்துலகூட எண்ணிட்டிருந்தாரேடா!"

அம்மா அவள் பக்கம் திரும்பினாள். கையை அவள் கன்னத்துக்குக் கொண்டுபோனாள். அன்று அடித்த அதே கன்னம். அவள் அந்தக் கையைத் தட்டிவிடவும் இல்லை, பிடித்துக்கொள்ளவும் இல்லை. பிறகு அம்மா உள்ளே போய், துணி மாட்டும் கிளிப்புகள் நிறைந்த, அப்பா வாங்கிய அந்த ஐந்தாவது எனாமல் கோப்பையோடு வந்தாள். கிளிப்புகளைத் தரையில் கொட்டிவிட்டு, கோப்பையை முந்தானையால் துடைத்து அவளிடம் நீட்டினாள்.

அவள் வேனில் ஏறி, திருப்புளி முனையால் மக்கைக் குத்திக் கொட்டினாள். கடையில் வாங்கிப் பையிலேயே வைத்திருந்த கொக்கியைத் துளையில் திருகிக் கோப்பையை மாட்டினாள். ஐந்தும் வரிசையாகத் தொங்கின. பார்க்கத்தான் ஆள் இல்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் எல்லோருக்கும் கொஞ்சம் படுக்க வேண்டும்போல இருந்தது. தங்கை வீடு சின்னது. அண்ணி மகளை அழைத்துக்கொண்டு வேனின் பரணில் ஏறினாள். கீழ்க்கட்டிலில் அவள் கையையும் காலையும் பரப்பிக்கொண்டு, இரண்டு பேர் இடத்தில் ஒருத்தியாகப் படுத்தாள். அண்ணன் வேனின் பக்கக் கதவோரம் வந்து நின்றான். தகட்டைப் பார்த்தான். சுற்றிப்போய் முன் கதவைத் திறந்து, டிரைவர் சீட்டில் தலையும் அடுத்த சீட்டில் காலுமாக, உடம்பைக் குறுக்கிக்கொண்டு படுத்தான். வண்டியை நிறுத்தும்போது அவள் அப்பாவைப் போலவே ஹேண்ட்பிரேக்கைப் பலம் கொண்ட மட்டும் இழுத்து வைத்திருந்தாள்.

அவன் இந்தப் பக்கம் புரண்டான். அந்தப் பக்கம் புரண்டான்.

"என்னண்ணா, உறுத்துதா?" என்று அவள் கேட்டாள்.

"உறுத்துது" என்றான்.

"உறுத்தட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கமாகத் திரும்பிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.